கல்லூரி மல்யுத்தப் பயிற்சியாளர் வரலாற்று ஆசிரியர் ஆவது எப்படி: நியூ ஜெர்சியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

“அண்ணா, குஸ்தின்னாகூட காலேஜ் வேலைன்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம். இப்போ அதையும் விட்டுட்டு ஸ்கூல்ல ஹிஸ்டரி எடுக்கப் போறானாம். நீங்களாவது கொஞ்சம் பேசுங்க.”

நண்பரின் மனைவி தன் மகனைப் பற்றிப் போன் செய்தது என் உதவி கேட்டுத்தான். ஆனால் நான் நியூ ஜெர்சியில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறவன். வேறு வேலையிலிருந்து பாதியில் இறங்கி இதற்கு வந்தவனும்கூட. பேசினேன், அவர் எதிர்பார்த்த பக்கம் அல்ல. பையனுக்கு அப்போது 28 வயது. ஒரு கல்லூரியில் ஐந்து வருடமாக உதவி மல்யுத்தப் பயிற்சியாளர். அடுத்த இரண்டு வருடம் நானும் அவனும் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். விதிகள் நியூ ஜெர்சியுடையவை. அமெரிக்காவில் ஆசிரியர் சான்றிதழ் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆனால் வேலைகளின் வரிசை பெரும்பாலும் இதுதான். விண்ணப்பிக்கும் வாரத்தில் மாநிலக் கல்வித் துறையின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்த விதிகளை அடிக்கடி திருத்துகிறார்கள்.

முதல் படி: டிரான்ஸ்கிரிப்டை எடுத்துப் பென்சிலால் எண்ணுங்கள்

கனவு, ஆர்வம் எல்லாம் அப்புறம். முதலில் உங்கள் கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எடுத்த வகுப்புகளும் மதிப்பெண்களும் உள்ள பட்டியல். நியூ ஜெர்சியில் ‘வரலாற்று ஆசிரியர்’ என்று தனிச் சான்றிதழ் வாங்குவதில்லை, சமூக அறிவியல் ஆசிரியர் சான்றிதழைத்தான் வாங்குகிறோம். டெக்சஸ் போன்ற சில மாநிலங்களில் வரலாற்றுக்கென்றே தனியாக உண்டு. நம் மாநிலத்தில் அந்தத் துறையில் 30 கிரெடிட் வேண்டும் (ஒரு பருவ வகுப்புக்குப் பொதுவாக மூன்று கிரெடிட்), அதில் 12 மேல்நிலை வகுப்புகளாக, அதாவது கல்லூரியின் பிந்தைய வருடங்களுக்கான வகுப்புகளாக, இருக்க வேண்டும். முதல் வருடத்தில் எல்லோரும் எடுக்கும் அறிமுக வகுப்பு மேல்நிலையில் சேராது. இளநிலைப் பட்டத்தில் ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.0 கேட்பார்கள். கொஞ்சம் குறைந்தால், தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஈடுகட்ட ஒரு வழி இருக்கிறது.

மல்யுத்தக்காரர்களில் நிறையப் பேர் உடற்பயிற்சி அறிவியலோ விளையாட்டு மேலாண்மையோ படித்தவர்கள். நம் பையனும் அப்படித்தான். எண்ணிப் பார்த்தோம்: வரலாறு, அரசியல், பொருளாதாரம் எல்லாம் சேர்த்து 15 கிரெடிட். மேல்நிலையில் ஒன்றே ஒன்று, பனிப்போர் பற்றியது, அதில் ஏ. முதல் வருட இலையுதிர் பருவத்தில் மட்டும் இரண்டு சி. “இது என்னடா?” என்றேன். “133 பவுண்டு எடைப் பிரிவுக்கு இறங்கிட்டிருந்தேன் அங்கிள், மூளைக்குத் தண்ணியே போகல” என்றான்.

மீதி 15 கிரெடிட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். பயிற்சியாளர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். முழுநேர ஊழியருக்குப் பெரும்பாலான கல்லூரிகள் வகுப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. வேலையை விட்ட மறுநாள் அந்தச் சலுகை போய்விடும். அதனால் வேலையில் இருக்கும்போதே, அதே வளாகத்தில், பருவத்துக்கு ஒரு வகுப்பு. அதையும் இளநிலை மேல்நிலை வகுப்பாக எடுங்கள். ஊழியருக்குத் தரும் இலவச இளநிலை வகுப்புக்கு வருமான வரி இல்லை. முதுநிலை வகுப்பானால் வருடத்துக்கு 5,250 டாலர் வரைதான் விலக்கு, அதற்கு மேல் போவது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வந்துவிடும். பையன் கோடையில் இரண்டு, இரண்டு வசந்தங்களில் ஒவ்வொன்று, சீசன் நடக்கும் இலையுதிரில் ஒன்று என்று எடுத்து, ஒன்றரை வருடத்தில் ஐந்தையும் முடித்தான். இலையுதிரில் எடுத்தது உள்நாட்டுப் போர். டியூயல் மீட்டுக்கு (இரண்டு அணிகள் மோதும் போட்டிக்கு)ப் போகும் பஸ்ஸில் தலைமைப் பயிற்சியாளர் தூங்க, இவன் கைவிளக்கு வெளிச்சத்தில் கெட்டிஸ்பர்க் படித்திருக்கிறான்.

இந்தியாவில் பட்டம் வாங்கியவர்கள் அதை இங்கே மதிப்பிட்டுச் சான்று பெற வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம், அதை முதலிலேயே தொடங்குங்கள்.

இரண்டாம் படி: எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் உண்டு. பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தில் சேர்வது ஒன்று. நல்ல வழிதான், ஆனால் பள்ளியில் சம்பளமில்லாமல் இரண்டு பருவம் பயிற்சி ஆசிரியராக இருக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வாரம் முழுக்க மேட்டில் (மல்யுத்த விரிப்பில்) நிற்கிறவருக்கு இது ஆகாது.

இரண்டாவது, மாற்று வழி. பட்டம், பாடக் கிரெடிட், தேர்வு மூன்றும் இருந்தால் மாநிலம் ஒரு தகுதிச் சான்றிதழ் தரும். வேலைக்கு முன்னால் ஒரு சிறிய முன்பயிற்சி, 50 மணி நேரம். அதை வைத்துப் பள்ளியில் வேலை தேடலாம். வேலை கிடைத்ததும் தற்காலிகச் சான்றிதழ். முழுச் சம்பளத்தில் கற்பித்துக்கொண்டே மாலையிலும் வார இறுதியிலும் இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி வகுப்பு. நான் வந்த வழி இது, பையனுக்கும் இதைத்தான் சொன்னேன்.

மூன்றாவது, கல்லூரியிலேயே வரலாறு கற்பிப்பது. சமூகக் கல்லூரிகளில் பகுதிநேரமாகக் கற்பிக்க முதுநிலைப் பட்டமும் அதில் வரலாற்றில் குறைந்தது 18 கிரெடிட்டும் பொதுவாகக் கேட்கப்படும் அளவு. வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி, மருத்துவக் காப்பீடு அநேகமாக இருக்காது. முழுநேரப் பேராசிரியர் வேலைக்கு முனைவர் பட்டம் வேண்டும். 2008-க்குப் பிறகு வரலாற்றுத் துறையில் அந்த வேலைகள் எவ்வளவு சுருங்கிவிட்டன என்பதை எந்த முனைவர் மாணவரைக் கேட்டாலும் சொல்வார். படிப்பின்மேல் தீராத ஆசை இருந்தால் போங்கள், சம்பளத்துக்காகப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: ப்ராக்ஸிஸ்

ஆசிரியர் சான்றிதழுக்காக எழுத வேண்டியது, சமூக அறிவியல் பாடத்துக்கான ப்ராக்ஸிஸ் தேர்வு. தேர்வின் எண் சமீபத்தில் மாறியிருக்கிறது, பழைய எண்ணைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். வரலாறு மட்டும் படித்துப் போனால் அடி வாங்குவீர்கள். அமெரிக்க வரலாறு, உலக வரலாறு, அரசமைப்பு, புவியியல், பொருளாதாரம், கொஞ்சம் உளவியலும் சமூகவியலும் என்று எல்லாம் வரும். பையனுக்குப் பொருளாதாரம் சுத்தமாக வரவில்லை. பள்ளி மாணவர்கள் கல்லூரி அளவில் படிக்கும் ஏபி பொருளாதாரப் பயிற்சிப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆறு வாரம் போதும்.

நான்காம் படி: ஏப்ரல் முதல் ஜூன் வரை மாற்று ஆசிரியராகப் போங்கள்

தேசியப் போட்டி மார்ச் மூன்றாம் வாரத்தோடு முடிந்துவிடும். நியூ ஜெர்சிப் பள்ளிகள் ஜூன் மூன்றாம் வாரம் வரை நடக்கும். நடுவில் கிட்டத்தட்ட பன்னிரண்டு வாரம். மாற்று ஆசிரியருக்கு, அதாவது விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாக வகுப்பைப் பார்த்துக்கொள்பவருக்கு, பட்டம்கூட வேண்டாம், 60 கல்லூரி கிரெடிட் போதும். புதிய வீரர்களைத் தேடும் பயணங்கள் போக வாரம் இரண்டு நாளாவது பள்ளிக்குப் போக முடியும்.

இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். மல்யுத்த அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தானாக விரும்பி வந்தவர். காலை ஆறு மணிக்கு ஓடச் சொன்னால் முனகிக்கொண்டாவது ஓடுவார். மூன்றாவது பாடவேளையில் உட்கார்ந்திருக்கும் 27 பேரில் ஒருவர்கூட உங்களைத் தேடி வரவில்லை, சட்டம் உட்கார வைத்திருக்கிறது. அணியிலிருந்து நீக்கிவிடுவேன் என்று மிரட்டவும் முடியாது. முதல் நாள் பையன் வகுப்பில் சத்தம் போட்டுப் பார்த்திருக்கிறான். மேட்டில் எடுபடும் குரல் அங்கே சிரிப்பைத்தான் வரவழைத்தது. மூன்றாவது வாரம், கதவருகே நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே விட்டான். சத்தம் பாதியாகிவிட்டது என்றான்.

ஐந்தாம் படி: காகிதங்கள்

தகுதிச் சான்றிதழ் விண்ணப்பம், கட்டணம், கைரேகை, குற்றப் பின்னணிச் சோதனை. நான் சான்றிதழ் எடுத்தபோது உடலியலும் சுகாதாரமும் தெரியும் என்றுகூட நிரூபிக்க வேண்டியிருந்தது. வரலாற்று ஆசிரியருக்கு அது எதற்கென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உடற்பயிற்சி அறிவியல் படித்தவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இன்னொரு காகிதம் பயிற்சியாளர்களுக்கு நேரம் பிடிக்கும். 2018-ல் வந்த மாநிலச் சட்டப்படி, நீங்கள் இதற்கு முன் குழந்தைகளோடு பழகும்படி வேலை பார்த்த இடங்களிலிருந்தெல்லாம், பாலியல் முறைகேடு குறித்து உங்கள்மேல் புகாரோ விசாரணையோ இருந்ததா என்று பள்ளி எழுத்தில் கேட்டு வாங்கும். கோடை முகாம்கள், கிளப்புகள் எல்லாம் கணக்கில் வரும். இருபது வருடம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். பையன் பதினேழு வயதிலிருந்து முகாம்களில் சொல்லிக்கொடுத்தவன், அதில் இரண்டு முகாம்கள் இப்போது இல்லவே இல்லை. முகவரிப் பட்டியலை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

இது சம்பிரதாயக் காகிதம் அல்ல. டென்னிஸ் ஹாஸ்டர்ட் இல்லினாயில் 1965 முதல் 1981 வரை பள்ளி ஆசிரியராகவும் மல்யுத்தப் பயிற்சியாளராகவும் இருந்தவர். பின்னாளில் நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். அந்தக் காலத்தில் தன்னிடம் இருந்த மாணவர்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதை 2016-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு ‘மல்யுத்தக் கோச், வரலாற்று ஆசிரியர்’ என்ற சேர்க்கையைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது, மாறியதும் நியாயம்தான். பிடித்துக் காட்டித்தான் மேட்டில் சொல்லிக்கொடுக்க முடியும். வகுப்பில் தோளில்கூடக் கை வைக்காதீர்கள், மாணவருக்குத் தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள், கதவைத் திறந்தே வைத்துப் பேசுங்கள்.

ஆறாம் படி: வரலாறு சொல்லிக்கொடுக்கப் பழகுங்கள்

மற்ற படிகளையெல்லாம் ஒரு பட்டியல் போட்டு முடித்துவிடலாம். இது அப்படி முடியாது.

அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு பழைய கிண்டல் உண்டு: விளையாட்டுக் கோச்சுக்கு வேறு பாடம் கொடுக்க முடியாவிட்டால் வரலாறு கொடுப்பார்கள், அவர் படம் போட்டுவிட்டு ஆட்டத் திட்டம் வரைவார். இதைச் சொல்லிச் சிரிக்காத பிரின்சிபாலை நான் பார்த்ததில்லை. இந்தக் கிண்டலுக்கு நீங்கள் காட்டக்கூடிய பதில் ஒன்றுதான், அது உங்கள் தொழிலிலேயே இருக்கிறது.

பையன் எனக்கு முதலில் எடுத்துக் காட்டிய பாடம் நாற்பது நிமிடப் பேச்சு. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் காலம், 38 ஸ்லைடு. முடிந்ததும், எதிராளியின் ஒரு காலைப் பிடித்து வீழ்த்தும் பிடியை வைத்துக் கேட்டேன்: “ஒரு சிங்கிள் லெக் சொல்லிக்கொடுக்கணும்னா நாற்பது நிமிஷம் பேசுவியா?” சிரித்தான். இரண்டு நிமிடம் செய்து காட்டுவான், ஜோடி ஜோடியாக மெதுவாகச் செய்ய விடுவான், சுற்றி வந்து ஒருவனுக்கு ஒரு தவறை மட்டும் திருத்துவான், பிறகு எதிர்ப்போடு முழு வேகத்தில் செய்ய விடுவான். அப்படியே வகுப்புக்குக் கொண்டு வா என்றேன். ஒரு ஆவணத்தை எப்படிப் படிப்பது என்று நீ சத்தமாக யோசித்துக் காட்டு. அடுத்ததை ஜோடியாகப் படிக்கட்டும். கடைசியில் வாதம், அதுதான் லைவ், முழு வேகத்தில் மோதும் கட்டம்.

அடுத்த வாரம் அவன் கொண்டு வந்தது லிங்கன். 1831-ல் இல்லினாயின் நியூ சேலம் கிராமத்தில் ஆபிரகாம் லிங்கனும் கிளேரிஸ் குரோவ் பையன்கள் என்ற முரட்டுக் கும்பலின் தலைவன் ஜாக் ஆர்ம்ஸ்ட்ராங்கும் மல்லுக்கட்டினார்கள். யார் வென்றது? லிங்கன் கொலையான பிறகு அவருடைய வழக்கறிஞர் கூட்டாளி ஹெர்ண்டன், பழைய ஊர்க்காரர்களிடம் நினைவுகளைத் திரட்டினார். முப்பது வருடத்துக்கு மேல் ஆன நினைவுகள். ஒருவர் லிங்கன் வென்றார் என்கிறார், இன்னொருவர் சமம் என்கிறார், ஆர்ம்ஸ்ட்ராங் விதியை மீறித்தான் கீழே தள்ளினான் என்றும் ஒரு தரப்பு.

இதுவரை எந்த வரலாற்று ஆசிரியரும் செய்வார். பையன் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டான்: “அவங்க எந்த விதியில சண்டை போட்டாங்க?” அந்தக் காலத்து எல்லைப்புறத்தில், ஒருவரையொருவர் பக்கவாட்டில் பிடித்த பிடியை விடாமல் தூக்கி எறிவது ஒரு வகை. எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்பது வேறு வகை. முதல் வகையில் காலை வாரிவிடுவது ஏமாற்று, இரண்டாவதில் அது சாமர்த்தியம். சாட்சிகள் வெவ்வேறு விதியை மனதில் வைத்திருந்தால், ஒரே விழுதலை ஒருவர் வெற்றி என்பார், இன்னொருவர் மோசடி என்பார். இதை வாயால் மட்டும் சொல்லாமல், மேசையை நகர்த்திவிட்டு ஒரு நாற்காலியைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினான். பதினான்கு வருடமாகக் கற்பிக்கிறேன், எனக்கு அது தோன்றியதே இல்லை. லிங்கன் 300 போட்டிகளில் ஒன்றில்தான் தோற்றார் என்று இணையத்தில் சுற்றும் கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுத்தான்: இதற்கு ஆதாரம் எங்கே, கண்டுபிடித்து வாருங்கள்.

மல்யுத்தத்திலிருந்தே எடுக்கத்தக்க பாடங்கள் இன்னும் உண்டு. 1997 இறுதியில் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி வீரர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்ததும், அதைத் தொடர்ந்து விதிகள் மாறியதும் காரணம், விளைவு கற்பிக்க நல்ல உதாரணம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக் புறக்கணிப்பை, அதனால் போட்டியிட முடியாமல் போன உலக சாம்பியன் லீ கெம்ப் வழியாகச் சொல்லலாம். நம் மாநிலத்திலேயே 2018 டிசம்பர் 19 அன்று ஒரு பள்ளிப் போட்டியில், நடுவரின் ஆட்சேபத்தால், கறுப்பின மாணவர் ஒருவரின் சடைமுடியை மேட் ஓரத்திலேயே வெட்டினார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து அதே தேதியில், முடியை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டார். மாணவர்கள் பிறந்த பிறகு நடந்த வரலாறு என்பதால் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான்.

ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று பாடத்துக்கு மேல் மல்யுத்தம் வேண்டாம். எல்லாவற்றையும் மேட்டுக்கு இழுத்தால் அந்தப் பழைய கிண்டல் உண்மையாகிவிடும். மீதிக்கு ஸ்டான்ஃபோர்டில் தொடங்கி இப்போது டிஜிட்டல் இன்குவைரி குரூப் என்று தனியாக இயங்கும் அமைப்பின் இலவசப் பாடங்களும், அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தின் ஆவணங்களும் இருக்கின்றன. நியூ ஜெர்சியில் ஹோலோகாஸ்ட் (நாஜிகளின் யூத இனப்படுகொலை), ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாறு, 2022-ல் சேர்ந்த ஆசிய அமெரிக்கர் வரலாறு மூன்றும் சட்டப்படி கற்பிக்க வேண்டியவை. இவற்றில் உங்களுக்குத் தெரியாததை இப்போதே படியுங்கள், நேர்காணலில் கேட்பார்கள்.

ஏழாம் படி: ரெஸ்யூமேயும் நேர்காணலும்

பையனின் பழைய ரெஸ்யூமேயில் முதல் பக்கம் முழுக்க வெற்றி தோல்விக் கணக்கு. அதை ஒரே வரியாக்கினோம். அந்த இடத்தில் வந்தவை: தினமும் இரண்டு மணி நேரப் பயிற்சிக்கு நிமிடவாரியாகத் திட்டம் எழுதியது, 30 மாணவர்களின் மதிப்பெண்ணைக் கவனித்து மாலைப் படிப்பு நேரம் நடத்தியது, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது, பெற்றோரிடம் போனில் கெட்ட செய்தி சொன்னது. கடைசியாகச் சொன்னதைப் பள்ளிகள் மிகவும் மதிக்கும். வரலாற்றுக் கிரெடிட்டுகளை வகுப்புப் பெயரோடு மேலே போடுங்கள்.

நிரந்தரமாகாத ஆசிரியர்களுக்கு அடுத்த வருடம் வேலை உண்டா இல்லையா என்று மே 15-க்குள் பள்ளி சொல்லியாக வேண்டும். அதை ஒட்டித்தான் நிறைய இடங்கள் காலியாகத் தெரிய வரும். ஏப்ரலிலேயே எல்லாம் தயாராக இருக்கட்டும்.

நேர்காணலில் மாதிரிப் பாடம் எடுக்கச் சொல்வார்கள். பையனிடம் ஒரு பள்ளியில் இருபது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் மல்யுத்த அணியைப் பற்றியே பேசினார்கள். மகிழ்ச்சியோடு வந்தான். “பாடத்தைப் பத்தி எத்தனை கேள்வி?” என்றேன். ஒன்றுமில்லை. அந்த வேலை கிடைத்தது, வேண்டாம் என்றான். இரண்டாவது பள்ளியில் துறைத் தலைவர் லிங்கன் பாடத்தைப் பார்த்துவிட்டு ஹெர்ண்டனைப் பற்றி எதிர்க்கேள்வி கேட்டார். அங்கே சேர்ந்தான்.

எட்டாம் படி: தலைமைப் பயிற்சியாளரிடம் எப்போது சொல்வது

தேர்வு எழுதும்போதே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பிக்கத் தொடங்கிவிட்டால் சொல்லிவிடுங்கள். நீங்கள் சேர்த்துக்கொண்டு வரும் பதினேழு வயதுப் பையன் உங்களை நம்பித்தான் அந்தக் கல்லூரிக்கு வருகிறான். நான்கு வருடம் கூட இருப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஜூனில் போவது அழகில்லை. பையன் மார்ச் போட்டி முடிந்த திங்கட்கிழமை சொன்னான். அவர் கோபப்படவில்லை, பரிந்துரைக் கடிதமே எழுதிக் கொடுத்தார்.

முதல் வருடம்

சேர்ந்ததும் பள்ளி மல்யுத்த அணியையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கோச்சிங்குக்குத் தனித் தொகை உண்டு, ஆசையாகத்தான் இருக்கும். முதல் வருடம் தலைமைப் பொறுப்பு வேண்டாம். தினமும் ஐந்து பாடவேளை, மாலையில் பயிற்சி வகுப்பு, வழிகாட்டி ஆசிரியரோடு கூட்டம், வகுப்பைப் பார்க்க வரும் சூபர்வைசர் என்று நாள் நிறைந்துவிடும். உதவியாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள், அதுவும் வாரம் மூன்று நாள். இரண்டு வருடம் நல்ல மதிப்பீடு வந்தால் நிலையான சான்றிதழ், பணி நிரந்தரத்துக்கு நான்கு வருடம். கட்டுரை திருத்தும்போது ஒரு மாணவருக்கு ஒரு தவறை மட்டும் குறியுங்கள், மேட்டில் செய்ததுபோல.

பையனின் அம்மாவிடமிருந்து டிசம்பரில் மறுபடி போன். மகன் சாப்பிட வந்தவன் மேசையில் கட்டுரைக் கட்டைப் பரப்பிவிட்டானாம். பத்து வயதில் மாமல்லபுரம் கூட்டிப்போனபோது, மாமல்லன் என்றால் பெரிய மல்லன் என்று அவன் அப்பா சொன்ன நரசிம்மவர்மனைப் பற்றி இப்போது தேதி தேதியாகக் கேட்கிறானாம். “எனக்கு எங்கண்ணா தெரியும்? உங்களைக் கேக்கச் சொன்னேன்” என்றார். வாதாபி 642 என்று சொல்லி அனுப்பினேன்.